இங்கிலாந்துக் கிராமத்து வீட்டில் மண்ணெண்ணெய் பாய்லர்: வாங்குவது முதல் பராமரிப்பு வரை ஒரு மதிப்புரை

லண்டன், லெஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற ஊர்களில் தெருவுக்கடியில் எரிவாயுக் குழாய் ஓடுகிறது. தெர்மோஸ்டாட்டைத் திருப்பினால் வீடு சூடாகும், மாதாமாதம் பில் வரும், அதோடு நம் வேலை முடிந்தது. நார்ஃபோக், ஹெரிஃபோர்ட்ஷயர், டெவன், கார்ன்வால் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றுக்கு அந்தக் குழாய் இன்றுவரை போய்ச் சேரவில்லை. அங்கே வீட்டின் பின்புறம் வேலியோரமாகப் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிற்கும். உள்ளே இருப்பது மண்ணெண்ணெய். நம்மூரில் ரேஷன் கடையில் வாங்கி ஸ்டவ்வுக்கு ஊற்றிய அதே வகைதான். இங்கே வீடு முழுக்க இருக்கும் ரேடியேட்டர்களும் குளியலறை வெந்நீரும் அதை நம்பியே இருக்கின்றன.

‘டாக்டர் சர்ஜரி’ எனப்படும் கிராமத்து மருத்துவர் நிலையத்திலோ முதியோர் இல்லத்திலோ வேலை கிடைத்தோ, ஊர்க் கடையையும் தபால் அலுவலகத்தையும் எடுத்து நடத்தவோ இப்படியொரு வீட்டுக்குக் குடிபோகும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சூடு என்று பார்த்தால் இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. தடித்த கல்சுவர் வைத்த பழைய வீட்டையும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கதகதப்பாக்கிவிடும். சேவை என்று பார்த்தால் பாதிதான் தேறும். நகரத்தில் எரிவாயுக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் மூன்று வேலைகள் இங்கே வீட்டுக்காரர் தலையில் விழுகின்றன: எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று பார்ப்பது, எந்த விலையில் எப்போது வாங்குவது என்று முடிவெடுப்பது, தொட்டியைக் காப்பது. இதற்கு வருடத்தில் ஒரு சில மணி நேரம் ஒதுக்குகிறவர்களுக்கு மண்ணெண்ணெய் நல்ல ஏற்பாடு. ஒதுக்காதவர்கள் ஜனவரியில் பத்து நாள் குளிரில் இருக்க நேரும்.

தொட்டியைப் பார்த்த பிறகே வீட்டைப் பாருங்கள்

வீடு பார்க்கப் போகும்போது எல்லோரும் சமையலறையைப் பார்க்கிறார்கள், தொட்டிப் பக்கம் போவதில்லை. பழுதானால் பாய்லரைவிடப் பெரிய தலைவலி தொட்டிதான்.

தொட்டி இரண்டு வகை. ஒற்றைச் சுவர்த் தொட்டி ஒன்று. தொட்டிக்குள் தொட்டியாக இருக்கும் இரட்டைச் சுவர்த் தொட்டி மற்றொன்று. இதைப் ‘பண்டட்’ தொட்டி என்பார்கள். உள்தொட்டி விரிசல் விட்டாலும் வெளித்தொட்டி அதன் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தாங்கும்படி செய்திருப்பார்கள். வீட்டில் 2,500 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி, ஓடை அல்லது குளத்திலிருந்து 10 மீட்டருக்குள் இருக்கும் தொட்டி, கிணறு, ஊற்று, ஆழ்துளைக் குழாய் இவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் இருப்பது, கசிந்தால் சிமெண்ட் தரை வழியாகச் சாக்கடை மூடிக்கு ஓடக்கூடிய இடத்தில் இருப்பது ஆகியவற்றைப் புதிதாக வைத்தால் இரட்டைச் சுவர் கட்டாயம். கிராமத்து வீடுகளில் இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் பொருந்திவிடும். ஆகவே ஒற்றைச் சுவர்த் தொட்டி உள்ள வீட்டை வாங்கும்போது புதுத் தொட்டிக்கான செலவையும் விலைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் நாளடைவில் நொறுங்கும் தன்மை கொள்ளும். பதினைந்து, இருபது வருடம் ஓடியதென்றால் அதன் காலம் முடிகிறது என்று பொருள். மூலைகளிலும் குழாய் பொருத்திய இடங்களிலும் மயிரிழை விரிசல், பக்கச் சுவர் உப்பியிருப்பது, நிறம் வெளுத்துச் சுண்ணாம்பு போல உதிர்வது ஆகிய மூன்றையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரும்புத் தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். அடியில் தேங்கும் நீர்தான் காரணம். வெளியே பெயிண்ட் புதிதாக மின்னினால் மகிழ வேண்டாம், அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள்.

அடித்தளத்தையும் கவனியுங்கள். தொட்டி சிமெண்ட் மேடையிலோ, குறைந்தது 42 மி.மீ. தடிப்புள்ள கற்பலகைகளின் மேலோ முழுமையாக அமர்ந்திருக்க வேண்டும். மேடை நான்கு பக்கமும் 300 மி.மீ. வெளியே நீண்டிருக்க வேண்டும். தொட்டியின் ஓரம் மேடைக்கு வெளியே தொங்கினால் எண்ணெய்ப் பாரம் அந்த ஓரத்தை வளைத்து, ஒருநாள் பிளந்துவிடும். வீட்டின் கதவு, ஜன்னல், கூரை விளிம்பு, பாய்லர் புகைக்குழாய் இவற்றிலிருந்து 1.8 மீட்டர், மரவேலியிலிருந்து 760 மி.மீ. இடைவெளி வேண்டும். இடம் போதாத இடத்தில் தீத்தடுப்புச் சுவர் கட்டியிருக்க வேண்டும். முந்தைய குடியிருப்பாளர்கள் அழகுக்காகத் தொட்டியைச் சுற்றி மரத்தட்டி கட்டிக் கொடி படரவிட்டிருப்பார்கள். அதுவும் 600 மி.மீ. தள்ளியே இருக்க வேண்டும்.

வீடு கைமாறும் நாளில் தொட்டியில் எண்ணெய் மிச்சமிருந்தால் அது யாருக்கு, என்ன விலைக்கு என்பதை வக்கீல் அனுப்பும் டிஏ10 என்ற பொருள் பட்டியல் படிவத்தில் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, சாவி வாங்கும் அன்றே தொட்டியில் எண்ணெய் அளவைக் காட்டும் அளவுகோலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுப் பத்திரத்திலும் ஒரு வரியைத் தேடுங்கள்: எண்ணெய் கசிந்தால் மண்ணைச் சுத்தப்படுத்தும் செலவு அடங்குமா என்று. மலிவான பாலிசிகளில் இதை விட்டுவிடுகிறார்கள் அல்லது குறைந்த வரம்பு வைக்கிறார்கள். மண்ணெண்ணெய் வீட்டு அஸ்திவாரத்துக்கடியில் இறங்கிவிட்டால் தரையைத் தோண்டி அகற்ற ஆகும் செலவு பல்லாயிரம் பவுண்டு. சின்னக் கசிவுதானே என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடக் கூடாது. சாக்கடைக்கோ ஓடைக்கோ போகும் நிலை என்றால் சுற்றுச்சூழல் முகமையின் 0800 80 70 60 எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும்.

எண்ணெய் வாங்குவது

மூன்று படுக்கையறை வீடு வருடத்துக்கு ஏறத்தாழ 1,500 முதல் 2,000 லிட்டர் எரிக்கும். கணக்கு எளிது. ஒரு லிட்டரில் சுமார் 10 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. 20 கிலோவாட் பாய்லர் விடாமல் எரிந்தால் மணிக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். கடுங்குளிரில் ஒரு நாளைக்கு அது மொத்தமாக ஆறேழு மணி நேரம் எரிகிறது என்று வைத்தால் 15 லிட்டர் போகும். 300 லிட்டர் இருப்பது மூன்று வாரத்துக்கும் காணாது. அதிலும் அடியில் உள்ள கொஞ்சம் குழாய்க்கு எட்டாது. எட்டினாலும் சேறுதான் வரும். தொட்டி கால்வாசிக்கு இறங்கும்போது ஆர்டர் போட்டுவிடுவது பாதுகாப்பு.

பெரும்பாலான விநியோகஸ்தர்களிடம் குறைந்தபட்ச ஆர்டர் 500 லிட்டர். அதற்குக் கீழே கொடுப்பவர்களும் உண்டு. லிட்டர் விலை கூடும். 500-க்கும் 1,000-க்கும் இடையில் லிட்டருக்குச் சில பென்ஸ் இறங்கும், அதற்கு மேல் பெரிதாக இறங்காது. அதனால் தொட்டியில் இடம் இருந்தால் ஆயிரம் லிட்டராக வாங்குவது நல்லது. வீட்டு உபயோகத்துக்கு வாட் வரி 5 சதவீதம்தான். ஒரு தடவைக்கு 2,300 லிட்டர் வரை வாங்கினால் வீட்டு உபயோகம் என்றே எடுத்துக்கொள்வார்கள். போனில் சொல்லும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சிலர் சேர்க்காமல் சொல்வார்கள்.

எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விதிக்கும் விலை உச்சவரம்பு மின்சாரத்துக்கும் குழாய் எரிவாயுவுக்கும் மட்டும். மண்ணெண்ணெய்க்கு அந்தக் காப்பு கிடையாது. இந்த ஏற்பாட்டில் உள்ள பெரிய குறை இதுவே. விமான எரிபொருளும் இதுவும் கச்சா எண்ணெயில் ஒரே பகுதியிலிருந்து வருவதால் உலகச் சந்தை அசைந்தால் உங்கள் தொட்டியும் அசையும். 2020-ல் கொரோனா முடக்கத்தின்போது விமானங்கள் பறக்காமல் தரையில் நின்ற மாதங்களில் விலை விழுந்து கிடந்தது. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், லிட்டர் ஒரு பவுண்டைத் தாண்டியது. மின்சாரம், எரிவாயுவுக்கு அரசு உச்சவரம்பு போட்டு உதவியபோது எண்ணெய் வீடுகளுக்குக் கிடைத்தது 200 பவுண்டு உதவித்தொகை.

இதற்கு வீட்டுக்காரர் கையில் இருக்கும் மருந்து, நேரம் பார்த்து வாங்குவது. ஜூனிலும் ஜூலையிலும் லாரிகள் சும்மா நிற்கும், இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். நவம்பருக்குப் பிறகு ஒரு குளிர் அலை அடித்தால் பத்து வேலைநாள் என்பார்கள்; அவசரம் என்றால் தனிக் கட்டணம். கோடையில் விலை எப்போதும் குறைவு என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அப்போது வாங்குகிறவர் காத்திருக்க முடியும். காத்திருக்க முடிகிறவருக்குத்தான் பேரம் பேசும் வலு இருக்கிறது. பாய்லர்ஜூஸ் போன்ற ஒப்பீட்டுத் தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டு விலை பார்த்துவிட்டு, உள்ளூர் விநியோகஸ்தர் இருவருக்குப் போன் போடுங்கள். உள்ளூர்க்காரர் பெரும்பாலும் அதே விலைக்கு வருவார். சில நேரம் குறைத்தும் தருவார்.

இன்னும் நல்ல வழி ஊர் எண்ணெய்க் குழு. பல கிராமங்களில் இப்படி ஒன்று இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் ஒருவர் மாதம் ஒரு முறையோ, இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ தேதி சொல்வார். யாருக்கு எத்தனை லிட்டர் என்று அதற்குள் தெரிவிக்க வேண்டும். அவர் மொத்தத்தையும் கூட்டி மூன்று நான்கு கம்பெனிகளிடம் விலை கேட்டு, குறைந்ததற்கு முடிப்பார். லாரி ஒரே நாளில் ஊரைச் சுற்றி வரும். 500 லிட்டர் வாங்குகிறவருக்கும் 2,000 லிட்டர் வாங்குகிறவருக்கும் ஒரே விலை. பணத்தை அவரவர் கம்பெனிக்கு நேராகக் கட்டுவதால் குழுவுக்குள் கொடுக்கல் வாங்கல் சிக்கல் இல்லை. இலவசம், அல்லது வருடத்துக்குச் சில பவுண்டு. குடிபோன முதல் வாரமே ஊர் உள்ளாட்சியான பாரிஷ் கவுன்சிலின் அறிவிப்புப் பலகையில் தேடுங்கள். ஊர்க் கடையில் கேட்டாலும் தெரியும். பக்கத்து வீட்டாருடன் பழக்கம் தொடங்கவும் இதைவிட இயல்பான காரணம் வேறில்லை. இந்த ஊர்களில் தட்பவெப்பத்துக்கு அடுத்தபடியாக எல்லோரும் மனம்விட்டுப் பேசும் விஷயம் எண்ணெய் விலை.

தொட்டி குறைந்ததும் தானாக வந்து நிரப்பும் திட்டங்களையும் மாதத் தவணையையும் கம்பெனிகள் தருகின்றன. தவணை வசதியானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. தானாக நிரப்புவதில் அன்றைய விலை என்னவோ அதைக் கொடுத்தாக வேண்டும், ஒப்பிட முடியாது. தனியாக இருக்கும் முதியவர்களுக்கும், மாதக்கணக்கில் ஊருக்குப் போய்விடுகிறவர்களுக்கும் மட்டும் அது பொருந்தும்.

லாரி வரும் நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அதில்தான் பலர் தவறுகிறார்கள். தொட்டிப் பூட்டைத் திறந்து வையுங்கள், நாயைக் கட்டுங்கள், வழியில் காரை நிறுத்தாதீர்கள். டெவனில் இருக்கும் வேலி உயர்ந்த ஒற்றைத் தடப் பாதைகளில் 26 டன் லாரி நுழையாது. ஆர்டர் போடும்போதே சிறிய லாரி வேண்டும் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வந்து திரும்பிப் போவதற்கும் கட்டணம் கேட்பார்கள். லாரி நிற்கும் இடத்திலிருந்து தொட்டி வரை தூரத்தை முன்கூட்டியே அளந்து சொல்லுங்கள்; குழாய் எட்ட வேண்டும். தொட்டியில் விரிசல் தெரிந்தால் டிரைவர் ஊற்ற மறுப்பார். அது அவர் உரிமை, உங்களுக்கும் நன்மை. ஊற்றி முடித்ததும் மீட்டரில் அச்சான சீட்டை வாங்கி, அளவுகோலோடு ஒப்பிடுங்கள். எண்ணெய் விழும் வேகத்தில் அடிச்சேறு கலங்கும் என்பதால் லாரி வருமுன் பாய்லரை நிறுத்தி, போன பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள். இதைச் செய்யாத வீடுகளில் ஃபில்டர் அடைத்து, அன்று மாலையே பாய்லர் நின்றுபோகும்.

பாய்லரும் சர்வீசும்

கிராமங்களில் அதிகம் தென்படுவது கிராண்ட், வூஸ்டர் பாஷ், ஃபயர்பேர்ட், வார்ம்ஃப்ளோ. நான்கும் நல்லவையே. பிராண்டைவிட, அதைப் பார்த்துப் பழகிய ஆள் பத்து மைல் சுற்றளவில் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். பர்னர் பகுதி பலவற்றில் ரியெல்லோ என்ற ஒரே இத்தாலியக் கம்பெனியுடையது என்பதால் உதிரிபாகம் கிடைப்பதில் சிரமமில்லை. சமையலறைக்குள் வைப்பவை, வீட்டுக்கு வெளியே இரும்புக் கூட்டில் வைப்பவை என்று இரண்டு விதம். சத்தமும் வாசனையும் உள்ளே வராததால் வெளியே வைப்பதுதான் எங்கள் பரிந்துரை.

வருடத்துக்கு ஒரு சர்வீஸ் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எரிவாயுவுக்கு கேஸ் சேஃப் போல, எண்ணெய்க்கு ஆஃப்டெக் பதிவு உள்ள டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டும். இரண்டும் வேறு, கேஸ் சேஃப் அட்டை மட்டும் வைத்திருப்பவர் எண்ணெய் பாய்லரைத் தொடக் கூடாது என்று நாங்கள் சொல்வோம். சர்வீஸ் என்றால் வெறும் துடைப்பு வேலை அல்ல. எண்ணெயைப் பீச்சும் நாசிலை மாற்ற வேண்டும், வளையும் எண்ணெய்க் குழாயை மாற்ற வேண்டும் அல்லது நீண்டகால வகைதானா என்று பார்க்க வேண்டும், உள்ளே தட்டுகளில் படிந்த கரியைச் சுரண்ட வேண்டும், புகைவாயுவை அளவி வைத்துப் பார்த்துக் காற்றைச் சரிசெய்ய வேண்டும், தொட்டி ஃபில்டரைக் கழுவ வேண்டும், பாய்லர் கூட்டுக்குள் தீப்பிடித்தால் எண்ணெயைத் தானாக நிறுத்தும் ஃபயர் வால்வைச் சோதிக்க வேண்டும். முடிந்ததும் சிடி/11 என்ற படிவத்தில் அளவுகளை எழுதித் தருவார். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுத் தாள் தராமல் போகிறவர் அளவி வைக்கவில்லை என்று கொள்ளலாம். தொட்டிக்கும் டிஐ/133டி என்ற ஆபத்து மதிப்பீட்டுத் தாள் உண்டு; புதிதாகக் குடிபோகும்போது ஒருமுறை அதையும் செய்யச் சொல்லுங்கள். செப்டம்பரிலேயே சர்வீஸ் தேதி வாங்கிவிடுங்கள். முதல் உறைபனி விழுந்த வாரத்தில் யாரும் போன் எடுக்கமாட்டார்கள்.

பாய்லர் நின்றுவிட்டால் பர்னரில் சிவப்பு விளக்கு எரியும். அதன் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள், சில நிமிடம் விட்டு இன்னொருமுறை. அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு அழுத்தத்திலும் எரியாத எண்ணெய் உள்ளே பீச்சப்படுகிறது. பிறகு பற்றும்போது அது மொத்தமாக வெடித்துப் பற்றி அறையெல்லாம் கரியாகும். முதலில் தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். மின்னணு அளவுகோலை நம்பாமல் பக்கவாட்டுக் குழாயிலோ, மேல்மூடியைத் திறந்து குச்சியாலோ பாருங்கள். எண்ணெய் தீர்ந்து நின்றிருந்தால் புது எண்ணெய் ஊற்றினால் மட்டும் ஓடாது. குழாயில் காற்று புகுந்திருக்கும், பம்பில் அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு டெக்னீஷியன் வர வேண்டும், தனிச் செலவு.

பனிக்காலத்தில் மண்ணெண்ணெய் உறைந்துவிட்டதோ என்று பலர் பயப்படுகிறார்கள். இங்கிலாந்துக் குளிரில் அது உறையாது. உறைவது ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கிய நீர். இன்னொன்று, புகையின் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் ‘கண்டென்சிங்’ பாய்லரிலிருந்து வெளியே நீர் வடியும் வெள்ளை பிளாஸ்டிக் குழாய். அது உறைந்து அடைத்தால் பாய்லர் தானாக நின்றுவிடும். வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் இளகிவிடும். கொதிநீர் ஊற்றினால் குழாய் பிளக்கும். அந்தக் குழாய் 32 மி.மீ. அகலத்தில், உறை போட்டு, குறைந்த நீளத்தில் போகிறதா என்று இலையுதிர் காலத்திலேயே பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

வெந்நீர்த் தொட்டி தனியாக இருக்கும் வீட்டில் 3 கிலோவாட் மின்சூடேற்றி ஒன்று அதற்குள் இருக்கும். அதன் சுவிட்ச் எங்கே என்று முதல் நாளே தேடி வையுங்கள். பாய்லர் படுத்தாலும் குளிக்கலாம். பாய்லர் வீட்டுக்குள் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று அவசியம். விறகு அடுப்பு இருக்கும் அறைக்கும் தனியாக ஒன்று.

மின்சாரம் போனால் எண்ணெய் பாய்லரும் நிற்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பர்னருக்கும் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். கிராமத்துக்கு மின்சாரம் கம்பம் வழியாக வருவதால் புயல் நாளில் மரம் விழுந்து போகும். எந்தக் கம்பெனியின் வாடிக்கையாளராக இருந்தாலும் 105 என்ற எண்ணுக்கு அழைத்தால் உங்கள் பகுதி மின்பாதைக்காரர்களுக்கு இணைப்பு கிடைக்கும். கைக்குழந்தையோ, முதியவரோ, நோயாளியோ இருக்கும் வீடு முன்னுரிமைப் பட்டியலில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். தொலைபேசியும் இப்போது இணைய வழிக்கு மாறிவருவதால் மின்சாரம் இல்லாதபோது அதுவும் ஊமை. மொபைல் சிக்னல் இல்லாத ஊர் என்றால் தொலைபேசிக் கம்பெனியிடம் பேட்டரித் துணைக்கருவி கேளுங்கள்.

காற்றிலிருந்து சூடெடுக்கும் ஹீட் பம்புக்கு மாறலாமா என்ற கேள்வி உடனே எழும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. பாய்லர் பழையது, சுவரும் கூரையும் நன்றாகக் காப்பிடப்பட்டது, ரேடியேட்டர்களைப் பெரிதாக்க இடமுண்டு என்றால் மாறுவதே சரி. விலை ஏறியிறங்கும் தொல்லையும் தொட்டித் தொல்லையும் ஒருசேரத் தீரும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் ஈரம் கசியும் கல்சுவருமாக, பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கும் வீடு என்றால் முதலில் காற்று புகும் இடைவெளிகளை அடைத்துவிடுங்கள், கூரைக்குக் காப்பு போடுங்கள், இரண்டு குளிர்காலம் எண்ணெயோடு இருந்து எவ்வளவு போகிறது என்று குறித்து வையுங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் ஹீட் பம்புக்காரர் சரியான அளவு சொல்ல முடியும்.

அடுப்பும் கழிவுத் தொட்டியும்

இந்தத் தொட்டி எண்ணெயில் எரியும் சமையல் அடுப்பு பெரும்பாலான வீடுகளில் இருக்காது. சமையலுக்கு மின்சாரம் அல்லது சிலிண்டர். இண்டக்ஷனில் இரும்புத் தோசைக்கல் அருமையாக வேலை செய்யும். அலுமினிய இட்லிப் பானையும் பழைய அலுமினியக் குக்கரும் வேலை செய்யாது. அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டும் எவர்சில்வருக்கு மாற்ற வேண்டும். தீச்சுடர் இல்லாமல் முடியாது என்பவர்கள் வெளியே வைக்கும் 47 கிலோ புரொப்பேன் சிலிண்டர் இரண்டு வாங்கி, ஒன்று தீர்ந்தால் மற்றதற்குத் தானாக மாறும் ரெகுலேட்டரோடு பொருத்தச் சொல்லுங்கள். நம்மூர் 14.2 கிலோ சிலிண்டர் மூன்றுக்கு மேல் அடங்கும் அளவு அது. அடுப்புக்கு மட்டும் என்றால் பல மாதம் வரும். காலர் கம்பெனியின் நீலச் சிலிண்டர் பியூட்டேன். அதை வெளியே வைத்தால் பூஜ்ஜியம் டிகிரி பக்கம் ஆவியாகாமல் சுடர் செத்துவிடும். சிவப்புச் சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். இந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளம் தேடிப் போகும். அதனால் சிலிண்டர் கதவு ஜன்னலிலிருந்து 1 மீட்டரும் திறந்த சாக்கடையிலிருந்து 2 மீட்டரும் தள்ளி, நிமிர்ந்து நிற்க வேண்டும். நகரத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த அடுப்பை அப்படியே மாட்டாதீர்கள். குழாய் எரிவாயுவுக்கான துளை பெரிது. சிலிண்டர் வாயு அதில் மஞ்சளாக, கரி கக்கி எரியும். சிலிண்டர் வாயுவுக்கும் தகுதி பெற்ற கேஸ் சேஃப் டெக்னீஷியனிடம் துளைகளை மாற்றச் சொல்லுங்கள்.

சமைத்த பாத்திரம் கழுவும் நீர் போகும் இடத்தையும் பார்க்க வேண்டும். எரிவாயுக் குழாய் இல்லாத தெருவில் பொதுச் சாக்கடையும் இல்லாமல் இருப்பது சாதாரணம். தோட்டத்துக்கடியில் செப்டிக் டாங்க் இருக்கும். நான்கு பேர் வரையுள்ள வீட்டுக்கு 2,700 லிட்டர் கொள்ளளவு என்பது இப்போதைய கட்டட விதி. பழையவை சிறியதாக இருக்கலாம். வருடம் ஒருமுறை லாரி வந்து சேற்றை உறிஞ்சிப் போக வேண்டும். கெடுப்பவை மூன்று: ஈரத்துடைப்பான் தாள், ப்ளீச், எண்ணெய். வடை சுட்ட எண்ணெயையும் தாளித்த வாணலியையும் நேராகச் சமையலறைத் தொட்டியில் கழுவினால் கொழுப்பு, கழிவுநீர் மண்ணுக்குள் ஊறும் குழாய்களுக்குப் போய் உறைந்து, தோட்டமே நாறும். வாணலியைத் தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். சோற்றுக் கஞ்சியையும் தேங்காய்ச் சக்கையையும் உணவுக்கழிவு வாளியில் போடுங்கள்.

வாங்குமுன் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: கழிவுநீர் மண்ணுக்குள் போகிறதா, ஓடைக்குப் போகிறதா? செப்டிக் டாங்கிலிருந்து நேராக ஓடையிலோ வாய்க்காலிலோ விடுவது 2020 ஜனவரி 1 முதல் இங்கிலாந்தில் அனுமதியில்லை. அப்படி இருந்தால் சுத்திகரிப்பு அலகு வைக்க வேண்டும் அல்லது மண்ணில் ஊறும் குழாய்ப் படுகை போட வேண்டும்; இரண்டும் ஆயிரக்கணக்கில் செலவு. வெளியேறும் வழியே இல்லாத ‘செஸ்பூல்’ என்றால் இன்னும் கவனம். 18,000 லிட்டர் கொள்ளளவு இருந்தாலும் இரண்டு பேருக்கு ஒன்றிரண்டு மாதத்தில் நிரம்பிவிடும், ஒவ்வொரு முறையும் லாரிக்குப் பணம். எந்த வகைத் தொட்டி, எங்கே இருக்கிறது, எப்படிப் பராமரிப்பது என்று விற்பவர் எழுத்தில் தரக் கடமைப்பட்டவர். அந்தத் தாளும், கடைசியாகத் தொட்டியைக் காலி செய்த ரசீதும் வக்கீல் கைக்கு வந்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.